பதினேழு முழக் கயிறு

எனக்கு வயது நாற்பத்து மூன்று. இதுவரை நானாக எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான்: என் குதிரைக்கு நானே கயிறு பின்னுவது. அந்த முடிவு என்ன கதிக்கு ஆளானது என்று சொல்கிறேன். மனைவியின் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து படியுங்கள்.

"கித்தா கம்பெனி கிராணி அப்பாசாமிக்குக் குதிரையா?" என்று கேட்காதீர்கள். மலாக்காவில் எங்கள் காஜா பெராங் வட்டாரம் முழுக்கக் கேட்டு முடித்துவிட்டது. நாடு சுதந்திரம் அடையப் போகிறது என்றதும் எங்கள் ரப்பர் கம்பெனி ஹார்டிங் துரை மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். பதினெட்டு வருஷம் அவருடைய குமாஸ்தாவாகக் கடிதம் எழுதிப் போட்டவன் நான். போகிறபோது எனக்கு ஒரு நற்சான்றுக் கடிதமும் ஒரு கறுப்புக் குதிரையும் கொடுத்தார். பெண் குதிரை. பெயர் டெய்சி. பத்து பெரெண்டாம் என்ற ஊர் பங்களாவில் துரைசானி செல்லமாக வளர்த்தது. துரைசானி மூன்று வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள்.

கடிதத்தையும் குதிரையையும் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தேன். என் மனைவி சிவகாமசுந்தரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கடுதாசி மட்டும் போதுமே. அது புல்லு கேக்காது," என்றாள்.

ஆனால் ஒரே மாதத்தில் குதிரை அவளோடு ஒட்டிக்கொண்டது. அவள் கூப்பிட்டால் தலையைத் தூக்கும். நான் கூப்பிட்டால் வாலைத் தூக்கும். என் குடையைக் கடித்தது. என் காலை மிதித்தது. சுண்டுவிரல் நகம் போயே போச்சு. வாயில்லா ஜீவன் என்று மன்னித்துவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டம் வந்தது. ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி காலையில் பாடாங் மைதானம் வரைக்கும் சுதந்திர ஊர்வலம். நம் சங்கத்து வரிசைக்கு முன்னால் ஒரு குதிரை நடந்தால் எப்படி இருக்கும் என்று செயலாளர் கலியாணசுந்தரம் என்னைப் பார்த்தபடி கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். யாராவது கைதட்டினால் என் புத்தி வேலை செய்யாது. பெருமைக்காக எடுத்துப்போயிருந்த குதிரையின் தோல்வாரைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டேன்.

"குதிரையோட துரை கொடுத்த தோல்வார் இது. பித்தளையில அவர் பேர் வெட்டியிருக்கு. சுதந்திரத்தன்னிக்கு இதையா பிடிச்சுக்கிட்டு நடக்கிறது? வேண்டாம்! என் கையால நானே கயிறு பின்னுவேன். அந்தக் கயித்துலதான் குதிரையை நடத்திக்கிட்டு வருவேன்!"

மறுபடியும் கைதட்டல். தோல்வாரை மேஜைமேல் வீசினேன். கலியாணசுந்தரம் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் அவர் செருப்புக்குப் புது வார் வந்திருந்தது. ஆக, பின்வாங்க வழியில்லை.

வீட்டில் வந்து சொன்னேன்.

"உங்களுக்கு வேட்டியே இடுப்புல நிக்காது," என்றாள் சுந்தரி.

"சுதந்திர நாட்டுல எல்லாரும் எல்லாமும் கத்துக்கணும்."

"போன தீபாவளிக்கு முன்னால ஒரு கொடிக்கயிறு கட்டித் தாங்கன்னு கேட்டேன். துணி இன்னும் வேலியிலதான் காயுது."

"அது வேற கயிறு. இது வேற கயிறு."

முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். பிறகு, "என்னங்க, ஊர்வலத்துல குதிரையை நான் பிடிச்சுக்கிட்டு வரட்டுமா?" என்றாள். "என் சொல்லுன்னா அது கேக்குது. உங்களைக் கண்டா மிதிக்குது. எனக்கும் ஒரு நாளாவது எல்லாருக்கும் முன்னால நடக்கணும்னு ஆசையா இருக்குங்க."

ஆசை என்று அவள் வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். நான் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். சிரித்துத் தொலைத்தேன்.

"சுதந்திரம் நாட்டுக்குத்தான் வருது சுந்தரி. வீட்டுக்கு இல்லே."

"ஓ," என்றாள்.

பதினாறு வருஷ தாம்பத்தியத்தில் அந்த "ஓ"வை அவள் மூன்று தடவைதான் சொல்லியிருக்கிறாள். முதல் தடவை என் மீசை போனது. இரண்டாம் தடவை என் சுருட்டு போனது. இது மூன்றாவது.

பசாருக்குப் பக்கத்தில் அப்துல் ஹமீது அண்ணன் கயிற்றுக்கடை வைத்திருக்கிறார். போய் விஷயத்தைச் சொன்னேன்.

"பின்னின கயிறே தொங்குதே கிராணியாரே. எடுத்துக்கிட்டுப் போங்களேன்."

"என் கையால பின்னணும் அண்ணே. சபையில சொல்லிட்டேன்."

என் கையைத் திருப்பிப் பார்த்தார். பேனா பிடித்த கை. பெருமூச்சு விட்டார்.

"அப்ப தேங்காநார் வேண்டாம். குதிரை ஒரு இழுப்பு இழுத்தா உள்ளங்கைத் தோலு கயித்தோட போயிடும். பருத்திதான் இதம். நாலு இழை. வலது ஓரத்து இழையை ரெண்டு இழைக்குப் பின்னால கொண்டுபோயி, ஒரு இழைக்கு முன்னால திருப்பிக் கொண்டாங்க. அப்புறம் இடது ஓரம், அதே மாதிரி. கயிறு உருண்டையா வரும். குதிரைக்கு ஏழு முழம் போதும். இழை அதுக்கு ஒண்ணரை மடங்கு எடுங்க."

நான் நாலு மடங்கு எடுத்தேன். சுதந்திரக் கயிறு நடுவில் பற்றாமல் போனால் மானம் என்ன ஆவது?

இழை வந்தது. கைதான் வரவில்லை. அண்ணன் சொன்னது கடையில் புரிந்தது, சாலை முக்கில் பாதி மறந்தது, வீட்டு வாசலில் மிச்சமும் போனது. அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். சுந்தரி தினமும் காலையில் நாலுகால் பின்னல்தான் போடுகிறாள்! கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, அதே வலது, அதே இடது. அவளிடம் போய்க் கற்றுக்கொடு என்று கேட்க முடியுமா? நான் புருஷன் இல்லையா? பேப்பரை விரித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பேப்பருக்கு மேலே கண்ணை வைத்து ஒரு வாரம் பாடம் படித்தேன். அந்த வாரம் அவள் வழக்கத்தைவிட மெதுவாகவே பின்னினாள். என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். பத்துப் பின்னலுக்கு ஒரு தடவை இழுத்து ஒரு சொடுக்குப் போடுவாள். அந்த இடம் சின்னதாகப் புடைத்துக்கொள்ளும். கயிற்றுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஊர்வலத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, வேலையை ஆரம்பித்தேன். பகலிலேயே ஆரம்பித்திருக்கலாம். மத்தியானம் தூங்கிவிட்டேன். எழுந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பின்பக்கத் தாழ்வாரத் தூணில் ஆணி அடித்து, நாலு இழையையும் மாட்டி, இழுத்துப் பிடித்து உட்கார்ந்தேன். சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்த சுந்தரி என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"விளக்கு வெச்சாச்சுங்க."

"தெரியுது."

"விளக்கு வெச்சப்புறம் யாரும் பின்ன மாட்டாங்க."

"அது தலைமுடிக்கு. இது கயிறு."

"பின்னலுக்குத் தெரியுமா எது முடி, எது கயிறுன்னு?"

"தெரிஞ்சா என்ன ஆகும்?"

பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "பின்னுற வீட்டைத் தேடிக்கிட்டு யாராவது வந்து உக்காந்துக்குவாங்கன்னு சொல்லுவாங்க. தலை வாரிவிட ஆளில்லாம போய்ச் சேர்ந்தவங்க. எனக்கும் பின்னி விடுன்னு முடியை நீட்டுவாங்களாம். நாம பாதியில எழுந்து போனா, விட்ட இடத்துல இருந்து அவங்களே பின்னுவாங்களாம்."

"பின்னி முடிஞ்சதும்?"

"அந்தக் கயித்தை எந்தக் கை பிடிக்குதோ அந்தக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்களாம்."

"எங்கே?"

"போனவங்க யாராவது திரும்பி வந்து சொன்னாங்களா?"

நான் சிரித்தேன். சத்தமாகத்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு கிணற்றடி வரைக்கும் போய்விட்டு எனக்கே பிடிக்காத மாதிரி திரும்பி வந்தது. ரம்புத்தான் மரத்தடியில் கட்டியிருந்த குதிரை காதை நிமிர்த்தியது. என்னைப் பார்க்கவில்லை. கிணற்றுக்கும் மரத்துக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. ஒரு முழம் பின்னியதும் போதும் என்று கயிற்றை ஆணியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

திங்கட்கிழமை வேலை விட்டு வந்து, காப்பி குடித்துவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போனேன். ஆணியில் கயிறு தொங்கியது. நான் விட்டுப்போனது ஒரு முழம். தொங்கியது நாலு முழம்.

முழம் போட்டுப் பார்த்தேன். இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். என் முழம் எனக்குத் தெரியாதா? முதல் முழம் என் கைவேலை. குண்டும் குழியுமாக இருந்தது. அதற்குக் கீழே மூன்று முழம் அத்தனை சீராக, இறுக்கமாக இறங்கியது. மனுஷக் கை பின்னிய மாதிரியே இல்லை. நடுவில் ஏதோ மினுங்கியது. உருவினேன். வந்துகொண்டே இருந்தது. ஒரு நீளமான கறுப்பு முடி.

"சுந்தரீ!"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நீ இதைத் தொட்டியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"அப்ப யாரு பின்னினது?"

"நான் சொன்னா நம்புவீங்களா?"

துரைசானியாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு. உயிரோடு இருந்தபோது தினமும் சாயங்காலம் இந்தக் குதிரையின் பிடரி மயிரைத் தன் கையாலேயே பின்னி விடுவாள்; நானே பங்களா வாசலில் கடிதக் கட்டோடு நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் துரைசானிக்குச் செம்பட்டை முடி. இது கறுப்பு. ஆகவே துரைசானி இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு வெளியே போவதற்குள் அடுத்த சந்தேகம் வந்தது. துரைசானி இல்லையென்றால் வேறு யார்? தெரிந்த பேயாக இருந்தாலாவது பேசிப் பார்க்கலாம்.

இருந்தாலும் சபையில் வாய் கொடுத்தவன். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முழம் பின்னினேன். ஐந்து முழம் ஆனது. செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் எட்டு.

அன்று சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அஞ்சலை பிபிக் நின்றுகொண்டிருந்தாள். மலாக்காச் செட்டிக் குடும்பம். பெயர் நம் பெயர், கும்பிடும் சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய்; பிபிக் என்றால் பெரியம்மா மாதிரி. என் குதிரையையே உற்றுப் பார்த்தாள். குதிரை அந்த வெற்றிடத்தைப் பார்த்து மெல்லத் தலையைத் தாழ்த்திக்கொண்டிருந்தது.

"குடா இத்து தெங்கோக் சியாப்பா?" என்றாள் பிபிக்.

அந்தக் குதிரை யாரைப் பார்க்கிறது என்று கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? தோளைக் குலுக்கினேன். பிபிக் உள்ளே போனாள். கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவள் கொல்லைக் கதவு சாத்தி நான் பார்த்ததே இல்லை.

ஏழு முழம் தேவை, எட்டு முழம் இருக்கிறது. முடித்துவிடலாம் என்று நுனியில் நூலைச் சுற்றி, பல்லால் கடித்து இறுக்கிக் கட்டினேன். புதன்கிழமை கட்டு அவிழ்ந்திருந்தது. அவிழ்த்த நூல் ஒழுங்காகச் சுருட்டித் தூணோரம் வைக்கப்பட்டிருந்தது. கயிறு பதினொரு முழம். இன்னொரு கறுப்பு முடி.

கத்தியை எடுத்தேன்.

"என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் சுந்தரி, வாசற்படியில் நின்றபடி.

"ஏழு முழத்துல வெட்டப் போறேன்."

"யாரோட முடியோ தெரியாது. வெட்டுறேங்கிறீங்களா?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கைப்பிடி வழுக்கியது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பதினாலு முழம். அன்று எனக்கு ரோஷம் வந்தது. பதினெட்டு வருஷம் கித்தா கம்பெனியில் வேலை பார்த்தவனை ஒரு பேய் முழம் போட்டு மிரட்டுவதா? கயிற்றையும் பின்னாத இழைகளையும் அப்படியே சுருட்டி, என் கல்யாண இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அதற்கு இருக்கும் ஒரே சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். குளிக்கும்போதும் அவிழ்க்கவில்லை. தூங்கும்போது அதன்மேல் கையை வைத்துக்கொண்டு தூங்கினேன். மறுநாள் ஆபீஸில் நாலு தடவை தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். பூட்டில் ஒரு கீறல் இல்லை. திறந்தேன். வெளியில் குதிரை ஒரு முறை கனைத்தது. கயிறு நான் வைத்த மாதிரியேதான் சுருண்டு கிடந்தது. எடுத்து முழம் போட்டேன். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. அதற்குமேலும் என் கை போய்க்கொண்டே இருந்தது.

பதினேழு.

கடைசி முழத்தில் ஒரு முடி சிக்கியிருந்தது. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். செம்பட்டை.

நான் கத்தவில்லை. கத்துவதற்கு வேண்டிய காற்று உள்ளே இல்லை. எப்படியோ எழுந்து சமையலறை வாசலுக்குப் போய், சுந்தரியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஊர்வலத்துக்காக என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு என்னால முடியாது சுந்தரி. அந்தக் கயித்தை நான் பிடிக்க மாட்டேன். எந்தக் கயித்தையும் பிடிக்க மாட்டேன். அந்தக் குதிரைகிட்டயே போக மாட்டேன்."

"ஐயையோ, சபையில சொன்னீங்களே. ஊரே பாத்துக்கிட்டிருக்குமே."

"நீ பிடிச்சுக்கோ."

"நானா?"

"உன்னை ஒண்ணும் பண்ணாதில்லே?" கேட்டுவிட்டு முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கோழைதான் நான். ஆனால் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் நான் என்ன செய்வேன்? "பண்ணும்னா நீயும் வேண்டாம். ரெண்டு பேரும் வீட்டுலயே இருந்துக்குவோம். மானம் போனா போகட்டும்."

சுந்தரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நல்லாப் பின்னத் தெரிஞ்ச கையை அவங்க தொட மாட்டாங்கன்னு சொல்லுவாங்க."

"அப்ப நீயே பிடி. உன்னைக் கும்பிடுறேன்."

"சுதந்திரம் நாட்டுக்குத்தான், வீட்டுக்கு இல்லேன்னு யாரோ சொன்னாங்களே?"

"வீட்டுக்கும்தான்! முதல்ல வீட்டுக்குத்தான்!"

"இதைச் செயலாளர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. எம் பொஞ்சாதிதான் பிடிக்கணும், அவ பிடிச்சாத்தான் குதிரை நடக்கும்னு. நான் கேட்டு வந்ததா இருக்கக் கூடாது."

ஓடினேன். கலியாணசுந்தரம் புது வார் போட்ட செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். கெஞ்சினேன். பெண்கள் முன்னேற்றம் என்றேன். புது நாடு, புது வழி என்றேன். மோவாயைச் சொறிந்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

"சரி அப்பாசாமி. ஆனா ஒண்ணு. முன்னால குதிரை, பின்னால வெள்ளைச் சட்டையில நம்ம ஆளுங்க. நடுவுல ஒரு ஆள் வேணும்."

"எதுக்கு?"

"குதிரைன்னா குதிரையாத்தானே இருக்கும்? ஒரு வாளியும் தட்டும் கொண்டு வந்துடுங்க."

மறுநாள் காலையில் கொல்லைப் பக்கம் போனவன் திடுக்கிட்டு நின்றேன். பதினேழு முழக் கயிறும் ரம்புத்தான் மரத்திலிருந்து குளியலறைத் தூண் வரைக்கும் விறைப்பாகக் கட்டியிருந்தது. அதில் என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.

"சுந்தரி! அதுலயா துணியைப் போட்டே?"

"சும்மா இருந்தாத்தான் எதுவும் ஆளைப் பிடிக்கும். ஒரு வேலையைக் கொடுத்துட்டா அதுபாட்டுக்கு இருக்கும்," என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அவள் குதிரையை அவிழ்த்து வந்தபோது அதன் வாயோரத்தில் வேறொரு கயிறு மாட்டியிருந்தது. ஏழு முழம், அச்சடித்த மாதிரி. நாலு இழை, நாலு நிறம்: சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள். புதுக்கொடியின் நாலு நிறமும் அதில் இருந்தன. ஒரு நுனியில் கொக்கி, மறு நுனியில் குஞ்சம். வெள்ளை இழை என் பழைய வேட்டி என்று பார்த்ததும் தெரிந்தது. மற்ற மூன்றும் அவளுடைய பழைய சேலைகள்.

"இது எப்ப பின்னினது?"

"நேரமாகுது. வாளியை எடுத்துக்கிட்டு வாங்க."

ஊர்வலத்தில் அவள் நடந்த அழகைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். பட்டுச்சேலையில் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். அவள் நின்றால் குதிரை நின்றது. அவள் திரும்பினால் குதிரை திரும்பியது. வாத்தியம் முழங்கியபோது அது மிரளவில்லை. ஒரு நாளில் வரும் பழக்கம் இல்லை இது. நான் ஆபீஸ் போன நேரமெல்லாம் நடத்திப் பழக்கியிருக்கிறாள். இரண்டு பக்கமும் ஜனங்கள் கைதட்டினார்கள். ஹமீது அண்ணன் கடை வாசலில் நின்று அவள் கையிலிருந்த கயிற்றைப் பார்த்து, "மாஷா அல்லாஹ்! நீங்க பின்னினதா கிராணியாரே?" என்று கத்தினார். நான் வாளியைத் தூக்கிக் காட்டினேன்.

பெருமையாகத்தான் இருந்தது. யாரிடம் மறைப்பது? பெருமையோடு பின்னால் நடந்துகொண்டே அவள் முதுகில் ஆடிய பின்னலைப் பார்த்தேன். நாலுகால் பின்னல். பத்துக்கு ஒரு தடவை ஒரு சின்னப் புடைப்பு. எங்கேயோ பார்த்த புடைப்பு. எங்கே? கொடிக்கயிற்றில்! பதினேழு முழத்தில் என் இரண்டு முழம் போக மிச்சத்தில் அதே புடைப்பு!

வாளியோடு ஓடிப்போய் அவள் பக்கத்தில் சேர்ந்துகொண்டேன்.

"நீதானே?"

"எது?"

"பேய்!"

திரும்பிப் பார்க்காமலே நடந்தாள். உதடு மட்டும் துடித்தது. "கண்டுபிடிக்க இத்தனை நாளா? பதினாறு வருஷமா சோத்துல பாத்த முடி, கயித்துல பாத்தாத் தெரியலையே உங்களுக்கு."

"என்கிட்டப் பொய் சொன்னியே சுந்தரி!"

"என்ன பொய் சொன்னேன்?"

யோசித்தேன். பொய் ஒன்றுகூட அவள் சொல்லவில்லை. வேற வேலை இல்லையா, நம்புவீங்களா, வெட்டுறேங்கிறீங்களா. எல்லாமே கேள்வி. மிச்சமெல்லாம் "சொல்லுவாங்க."

"அப்ப குதிரை தினம் சாயங்காலம் கிணத்தடியையே பாத்துச்சே?"

"அந்த நேரத்துல அங்க வெச்சுத்தான் வெல்லம் கொடுத்துப் பழக்கினேன். உங்களுக்குப் பின்னல் கத்துக்கொடுக்க ஒரு வாரம் கண்ணாடி முன்னால மெதுவாப் பின்னிக் காட்டினேனே, அதுக்கு என்ன கொடுக்கப் போறீங்க? பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருந்தீங்க."

என்னிடம் மிச்சம் இருந்த மானமும் வாளிக்குள் விழுந்தது. பாடாங் தெரிந்தது. ஜனங்களின் ஆரவாரம் கேட்டது. சுந்தரி சந்தோஷத்தில் கலகலவென்று பேசிக்கொண்டே நடந்தாள்.

"விரல் எல்லாம் நோவுங்க. ஒரு மத்தியானத்துக்கு மூணு முழம்னா சும்மாவா? திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நாலு நாள்."

"அஞ்சு நாள்," என்றேன்.

"நாலுங்க."

"வெள்ளிக்கிழமையை விட்டுட்டே. பதினாலு பதினேழாச்சே? செம்பட்டை முடிகூட வெச்சியே?"

"வெள்ளிக்கிழமை எப்படிங்க? நீங்கதான் பெட்டியில வெச்சுப் பூட்டிச் சாவியை இடுப்புல முடிஞ்சுக்கிட்டுப் போயிட்டீங்களே. நேத்துப் பூரா நான் இந்தக் குஞ்சத்தைக் கட்டிக்கிட்டு இருந்தேன். இந்த ஊர்ல செம்பட்டை முடிக்கு நான் எங்கே போவேன்?"

அவள் நின்றாள். நானும் நின்றேன். வாத்தியச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. குதிரை காதை நிமிர்த்தியது. கண்ணைப் பாதி மூடி, மெல்லத் தலையைத் தாழ்த்தியது. யாரோ பிடரியைக் கோதிவிடுகிற சுகத்தில் நிற்பதுபோல் நின்றது. சுந்தரியின் ஒரு கை கயிற்றில் இருந்தது. இன்னொரு கை இடுப்பில் இருந்தது. என் இரண்டு கையும் வாளியில் இருந்தன.

"சு... சுந்தரி..." என்றேன்.

குதிரை வாலைத் தூக்கியது.

"பராக்குப் பாக்காதீங்க! வாளி! வாளி!" என்றாள்.